மாசி பேரில் விழுந்த பூட்டு

திருப்புலிவனத்து நெல் எடைக் கொட்டகையில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேதாசலம் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. பாழாய்ப்போன அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அங்கேயே எடை போட்டுக்கொண்டிருந்த கூட்டாளி மாசி லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வாரம். காரியம் முடியும்வரை செத்தவன் பெயரை எதிலிருந்தும் எடுக்கக் கூடாது என்று கொட்டகையில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கணினியிலும் அவன் பெயர் அப்படியே இருந்தது.

அன்று காலை வானம் கருத்துக்கொண்டு வந்தது. நெல் விற்க வந்த சிட்டம்மாளின் மூட்டைகள் வெட்டவெளியில். பில் இல்லாமல் லாரிக்காரன் ஏற்றமாட்டான். பில் போட்டால், அந்தக் கணக்கு வேறொருவர் பிடியில் இருக்கிறது என்று கணினி மறுத்தது. யார் பிடியில்? எந்தக் கணக்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் பூட்டுப் பட்டியலைத் திறந்தான். மாசி.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். அதில் மாசி இல்லை. திரும்பி வந்தால் பூட்டும் இல்லை. அப்பாடா என்று பில் போட்டால் மறுபடியும் பூட்டு! இரண்டு பட்டியலும் ஒரே நொடியில் எடுத்தவை அல்ல, ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவதற்குள் உள்ளே எல்லாம் மாறிவிடும். இதை மற்றவர்களுக்குச் சொன்னவனே அவன்தான். சொன்ன வாயே இப்போது சாமி சாமி என்றது.

"வேதா, தூறல் போடுது! என் நெல்லு நனைஞ்சா நான் எங்கடா போவேன்?" சிட்டம்மாள் கத்தினாள்.

மாசியின் இணைப்பைத் துண்டிக்க ஒரு பொத்தான் போதும். அவனை இன்னொரு தடவை சாகடிப்பதுபோல் இருந்தது.

"வுட்றா மாசி, பாவம்டா அந்தம்மா" என்று வாய்விட்டே சொல்லி அழுத்தினான். பில் வந்தது.

மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாசியின் பெண்சாதி பொன்னியம்மாள்.

"அண்ணா, அவரு போன்ல எடை ஆப்பு தொறந்தா 'வணக்கம் மாசி'ன்னு வரும். காலைல இருந்து தொறந்து தொறந்து பாத்துக்கினு இருந்தேன். இப்ப இன்னாவோ பாஸ்வேர்டு கேக்குது."

அந்த ஆப்பைத் திறந்தால், வரிசையில் முதலில் நிற்பவரின் கணக்கைப் பிடித்துக்கொள்ளும்; மூடினால் விட்டுவிடும். காலையிலிருந்து சிட்டம்மாளின் கணக்கைப் பிடித்ததும் விட்டதும் பொன்னியம்மாள்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குக் காரியம் பொன்னி. அப்பால பேரை எடுத்துடுவாங்கோ."

"தெரியும்ணா. இன்னிக்கு மட்டும் வரட்டுமே."

கடைசி மூட்டை ஏறும்வரை பொறுக்கச் சொன்னான். பிறகு, தானே போட்டுக்கொடுத்திருந்த மாசியின் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகப் போனிலேயே சொன்னான்.

அந்தப் பக்கம் அவள் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாருண்ணா" என்றாள்.