கல்லுக்கு நான் எழுதிய ஊர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தத் திமிர் செய்த வேலையைக் கேளுங்கள்.

கல் ஆராய வந்த துரையிடம், ஒவ்வொரு கல்லுக்கும் அது கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதி ஒட்டும் ரைட்டராக இருந்தேன். கோம்பை மலையில் கல் பெயர்த்து வந்த கூலியாள் மொக்கையன், ஒரு பச்சைக் கல்லை நீட்டி, “பன்னிப்பாறையில எடுத்தது” என்றார். துரை படிக்கிற சீட்டில் பன்னியா? ‘மேகமலை’ என்று அழகாக எழுதி ஒட்டினேன்.

கற்களோடு பட்டணம் போன துரையிடமிருந்து சில மாதங்களில் கடிதம் வந்தது. உலகத்தில் எங்குமே காணாத புதுக் கனிமமாம். அச்சில் போடுமுன் அதே இடத்திலிருந்து இன்னும் நாலு கல் வேண்டுமாம். வேறு வழியின்றி மொக்கையனிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“என்ன ரைட்டரய்யா, உங்க எழுத்தப் பாத்துட்டுக் கல்லு மேகமலைக்கு நடந்து போயிருச்சாக்கும்?” என்று சிரித்தார். மறுநாளே கூடை நிறையக் கொண்டுவந்தார். “இப்பவாச்சும் உள்ள பேர எழுதுங்கய்யா.”

உண்மையை எழுதினால் வேலை போய்விடும். மறுபடியும் மேகமலை என்றே எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சாகிவிட்டது. இனி எந்தப் பண்டிதன் தேடி வந்தாலும் தப்பான மலையில்தான் ஏறுவான்.

கைநாட்டு வைக்கிறவர்களை இளப்பமாகப் பார்த்தவன் நான். எழுதத் தெரியாதிருந்தால் இவ்வளவு பெரிய பொய்யை நான் சொல்லியிருக்கவே முடியாது.