கோழிக்குப் பெரட்டு

பேச்சியம்மா கும்பிடாத பொருள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. காலையில் அடுப்பு பற்றிக்கொண்டால் அடுப்புக்கு ஒரு கும்பிடு. மழை விட்டால் வானத்துக்கு; மழை பெய்தால் கொழுந்துக்கு நல்லதென்று மறுபடியும் அதே வானத்துக்கு. கூடையோடு வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியபோதுகூட, "இடுப்ப ஒடிக்காம விட்டுச்சே" என்று இடறிவிட்ட கல்லைக் கும்பிட்டவள். "ஒங்க கைக்கு ஓய்வே கெடையாதா பேச்சிக்கா?" என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது.

ஆனால் அந்த முழங்கால் லேசில் விடவில்லை. கந்தப்பளைக்கு மேலே, பகல் வரைக்கும் பனி விலகாத அந்த மலையில், சரிவில் நின்று கொழுந்து பறிக்க இரண்டு காலும் ஒழுங்காக இருக்க வேண்டும். வேலைக்குப் போகாதவளுக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் இல்லை. பேர் இல்லாதவளுக்குக் காம்பரா இல்லை. காம்பரா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கென்று ஒதுக்கிய ஒற்றை அறைதான். புருஷன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் போனால், பூண்டுலோயாவில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே காலை நீட்ட இடமில்லை. சம்பந்தி வீட்டில் தட்டை நீட்டிக்கொண்டு உட்காருவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்றிருந்தது பேச்சியம்மாவுக்கு.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பத்திநாதன் சத்தம் போடுவாரே தவிர, கெட்ட மனுஷர் இல்லை. அந்த வருஷம் அவருக்குத் தலைவலி லயத்துக் கோழிகள். மேயப் போகிறேன் பேர்வழி என்று அவை புதுத் தேயிலை நாற்றுமேடைக்குள் இறங்கி, ஒரே காலையில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிட்டன. தோட்டத்து நிர்வாகியான துரை குதித்தார். எல்லாக் கோழிகளையும் பிடித்து, பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கம்பிவலை அடித்து அடைக்கச் சொன்னார். தாய்மார் மலைக்குப் போன பின் கைக்குழந்தைகளை வைத்துப் பார்க்கிற இடம் அது. முட்டை அந்தக் குழந்தைகளுக்கு, குஞ்சு பொரித்தால் குஞ்சு கோழிக்குச் சொந்தக்காரிக்கு என்று ஏற்பாடு. கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பத்திநாதன் பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்.

"பேச்சி, தொரை தீவாளி வரைக்கும்தான் தவணை குடுத்திருக்காரு. முட்டை வந்தா ஒனக்கு இந்த வேலை நெலைக்கும். வராட்டி கோழியெல்லாம் ஹட்டன் யாவாரிக்குப் போயிரும். நீ மலைக்குத்தான் ஏறணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

பேச்சியம்மா அவரைக் கும்பிட்டாள். அவர் போன பிறகு கம்பிவலையையும் கும்பிட்டாள்.

கோழிகளுக்கு அந்த நன்றியெல்லாம் இல்லை. பிறந்ததிலிருந்து மலை, வடிகான், கொல்லை என்று சுற்றித் திரிந்த ஜென்மங்கள். விடிந்ததும் வலையோரமாக மேலும் கீழும் நடக்கத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நடந்தன. சேவல்கள் மண்டை உடையச் சண்டை போட்டன. இளைத்த கோழியின் கழுத்து மயிரை மற்றவை கொத்திப் பிடுங்கின. பொழுது சாயும் நேரத்தில் சில பறந்து வலையைத் தாண்டி, பழைய வீட்டுக்கே அடையப் போய்விடும். பேச்சியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி லயம் லயமாக ஏறி, ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். போதாததற்கு, வேலை விட்டு வரும் பெண்கள் வலைக்கு வெளியே நின்று "பா... பா..." என்று தங்கள் கோழியை அழைத்துக் குருணை வீசிவிட்டுப் போனார்கள். அந்த ருசியில் கோழிகள் நாள் முழுக்க வலையைவிட்டு நகரவில்லை.

எல்லாரிலும் பெரிய வாய் வேலாயிக்கு. அவளுடைய செவலைக் கோழிக்குச் செம்பி என்று பேர். புருஷனைக்கூட அவள் அவ்வளவு கொஞ்சியதில்லை.

"எங்கோழி என்னா திருடிச்சா, கொல பண்ணிச்சா? இப்பிடி ஜெயில்ல போட்டுட்டீங்களே!"

"நானா போட்டேன் தாயி? தொரை சொன்னது."

"தொரை சொன்னாரு. தொறப்பு ஒங்க கையிலதான இருக்கு!"

பேச்சியம்மா விளக்குமாற்றை எடுத்தாள். கிடைத்த வேலைக்குத் தன் நன்றியைக் காட்ட அவளுக்குத் தெரிந்த வழி பெருக்குவதுதான். காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் பெருக்கினாள். ஒரு சருகு விழ விடமாட்டாள். கண்டாக்கு ஐயா வந்து பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரில்ல வச்சிருக்கே!" என்றபோது அவளுக்குக் கால்வலிகூட மறந்துபோயிற்று.

முட்டைதான் வரவில்லை. தச்சர் அடித்துக் கொடுத்த பெட்டிகளில் வைக்கோல் பரப்பியிருந்தாள். கோழிகள் அதில் எச்சமிட்டன. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா மாரியம்மனைக் கும்பிட்டாள், முனியைக் கும்பிட்டாள், மாதா கோயில் பக்கம் போனபோது அங்கேயும் ஒரு கும்பிடு போட்டு வைத்தாள்.

ஒரு சாயங்காலம் வேலாயி வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். செம்பியின் கழுத்து வெறும் தோலாகக் கிடந்தது. சண்டை போட வந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னாக்கா இது? கோழிக்குப் பெரட்டா வைக்கிறீங்க?"

விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அந்தக் களத்தைப் போலத்தான் இருந்தது கோழி முற்றமும்.

"கெளற ஒரு செத்தை இல்ல, ஒளிய ஒரு செடி இல்ல. செம்பி எங்க முட்டை போடும் தெரியுமா? தேயிலத் தூருக்குள்ள, வெளிச்சம் படாத எடத்துல. இப்பிடி நடு ரோட்டுல ஒக்காந்து போடச் சொன்னா நானா இருந்தாலும் போடமாட்டேன்!"

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"தெரியலையே தாயி. சுத்தமா இருந்தாப் போதும்னு இருந்துட்டேன். முட்டை வரலைன்னா எம்பேர வெட்டிருவாங்க. நான் பூண்டுலோயாவுக்குப் போயி சம்பந்தி வீட்டு வாசல்ல கெடக்கணும்."

வேலாயிக்கு அது புதுச் செய்தி. அவள் வலைக்கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அது கவ்வாத்துக் காலம். வெட்டிப் போடுகிற தேயிலைக் கொம்புகளை மிலாறு என்பார்கள். அதுதான் லயத்து அடுப்புக்கு விறகு. கந்தப்பளைக் குளிரில் ஒரு கட்டு மிலாறு கையில் இருந்தால் வீடே தெம்பாகிவிடும். மறுநாள் சாயங்காலம், இலை உதிராத ஒரு பெருங்கட்டைத் தலையில் சுமந்து வந்த வேலாயி, வீட்டுக்குப் போகாமல் நேரே கோழி முற்றத்துக்குள் வந்து அதைத் தொப்பென்று போட்டாள்.

"ஏ புள்ள, அடுப்புக்கு?"

"ஒரு நாளைக்குக் குளுந்த தண்ணி குடிச்சா செத்தா போயிருவோம்? இதுக்குள்ள கைய விட்டுக் கலைக்காதீங்க. வெளக்கமாத்தத் தூக்கி எறவாணத்துல சொருகுங்க."

அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு கட்டு கொண்டுவந்தார்கள். சிலர் தேயிலைத் தூரடிச் சருகையும் சாக்கில் அள்ளி வந்தார்கள். இன்னொரு காரியமும் செய்தாள் வேலாயி. "இனிமே யாரும் வலைக்கிட்ட வரப்படாது. நம்ம மொகத்தப் பாத்தா அதுக வீட்டு நெனப்புலயே நிக்கிதுக" என்று சட்டம் போட்டாள். செம்பி கண்ணில் படக்கூடாதென்று அவளே கால் வலிக்கச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனாள்.

பெருக்காமல் இருப்பதுதான் பேச்சியம்மாவுக்குப் பெரிய தண்டனை. கை நமநமத்தது. இருந்தாலும் இறவாணத்துப் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாயுமுன் பால்டின்னில் குருணையைப் போட்டுக் கலகலவென்று ஆட்டி, வலைக்குள் ஓரமாக இருந்த கூட்டுக்குள் கூப்பிடுவாள். முதலில் ஒன்றிரண்டு வந்தன, பிறகு எல்லாம் வந்தன. பகலில் சருகைச் சீய்ப்பதிலேயே அவற்றுக்குப் பொழுது போயிற்று. கொத்து வாங்குகிற கோழிக்கு ஓடி ஒளிய மிலாறு இருந்தது. செம்பியின் கழுத்தில் புது மயிர் துளிர்த்தது. வலையைத் தாண்ட எதுவும் பறக்கவில்லை. பேச்சியம்மா ஒவ்வொரு நாளும் வைக்கோல் பெட்டிகளைத் தடவிப் பார்த்தாள். அங்கே மட்டும் ஒன்றுமில்லை. கோழிகள் கொக்கரித்தன என்பது உண்மைதான், ஆனால் அடைத்த நாளிலிருந்து அவை எதற்கெடுத்தாலும் கொக்கரித்துக்கொண்டுதான் இருந்தன.

நடுவில் ஒருநாள் பத்திநாதன் வந்தார். "என்னா பேச்சி, ஆஸ்பத்திரி குப்பைமேடாயிருச்சு?"

"தீவாளி வரைக்கும் விட்டுக் குடுங்கய்யா" என்றாள் அவள்.

அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். பேச்சியம்மா அந்தப் பேசாமையையும் கும்பிட்டாள்.

தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் வியாபாரி கூடைகளோடு வந்துவிட்டான். பெண்கள் வலையைச் சுற்றி நின்றார்கள். கோழிகளைப் பிடித்து எண்ணியபோது ஒன்று குறைந்தது. செம்பியைக் காணோம்.

"என்னா பேச்சி இது? கோழி எங்க?" பத்திநாதனின் குரல் மாறிவிட்டது.

பேச்சியம்மாவின் முகம் வெளுத்தது. "நேத்துப் பொழுதுசாயக்கூட எண்ணுனேன் ஐயா..."

"அந்தக்கா திருடுற ஆளு இல்ல!" என்று பாய்ந்து உள்ளே வந்தது வேலாயிதான். கோழிக்குச் சொந்தக்காரியே அப்படிச் சொல்ல, கண்டாக்கு ஐயா வாயை மூடிக்கொண்டார். வேலாயி மிலாற்றுக்குள் குனிந்து நுழைந்தாள். உள்ளே "கொர்ர்" என்று ஒரு கோபம். "ஐயோ, கொத்துதே சனியன்!" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு சிரிப்பு.

கொம்புகளை விலக்கினார்கள். செம்பி இறக்கையைப் பரப்பி, தோட்டத்து ராணியாக அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் முட்டைகள் பிதுங்கித் தெரிந்தன. அவ்வளவுதான், பெண்கள் கட்டுக் கட்டாய்ப் புரட்டினார்கள். இந்தக் கட்டுக்குள்ளே கொஞ்சம், அந்தச் சருகுக்கடியில் கொஞ்சம் என்று முட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

பத்திநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வியாபாரியைப் போகச் சொன்னார். "நீ மலைக்கு ஏற வேண்டாம் பேச்சி. ஒம்பேர இங்கயே போட்டுக்கிறேன்" என்றார்.

செம்பியை யாரும் எழுப்பவில்லை. மற்ற முட்டைகளைத் தண்ணீரில் போட்டு, அடியில் தங்கிய நல்லதை எடுத்து அவித்தார்கள். பேச்சியம்மா நூலால் துண்டு போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். வேலாயியின் கடைக்குட்டி மூக்கு வரைக்கும் மஞ்சள்கருவை அப்பிக்கொண்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டியது.

பிறகு தொடங்கினாள் பேச்சியம்மா தன் வேலையை. கண்டாக்கு ஐயா போன திசைக்கு ஒரு கும்பிடு, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொன்று, செம்பிக்கு ஒன்று, மிலாற்றுக்கு ஒன்று.

"போதும்க்கா," என்றாள் வேலாயி. "கல்லு மண்ணையெல்லாம் கும்பிட்டுட்டீங்க. எம்புள்ள முட்டை திங்குது. ஒங்கள யாரு கும்பிடுறது?"

செம்பி கொத்திய காயத்தோடு இருந்த இரண்டு கைகளையும் சேர்த்து, வேலாயி நன்றாகக் குனிந்து கும்பிட்டாள்.

பேச்சியம்மா, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.