துருவைக் கழுவியவள்

அந்தக் குடியிருப்பைச் சுத்தம் செய்யும் அவள் எல்லோருக்கும் பளபளக்கா. மாடிப்படிக் கைப்பிடியோ குப்பைத் தொட்டியோ, அவள் கை பட்டால் அதில் முகம் பார்க்கலாம். அழுக்கோடு அவளுக்கு அப்படியொரு ஜென்மப் பகை. கடைசியில் அதுவே வினையாக வந்து முடிந்தது.

கீழ்த்தளத்தில் குடிதண்ணீரை மணலில் வடிகட்டும் தொட்டி இருந்தது. விடுப்பில் போன பம்ப்காரர், "மணலை ஒரு தரம் கழுவிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தொழிலில் கழுவுவதென்றால், குழாயைத் திருப்பி வெறும் தண்ணீரைக் கீழிருந்து மேலே விடுவது. அதை யார் இவளிடம் சொன்னார்கள்? துருவேறிச் செக்கச்செவேலென்று கிடந்த மணலைப் பார்த்ததும் இவளுக்குக் கை பரபரத்தது. வாளி வாளியாக அள்ளி, கழிவறை ஆசிட்டை ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்து, வெள்ளைவெளேரென்று ஆக்கித் திரும்பக் கொட்டினாள்.

இரண்டாம் நாள் தண்ணீரைப் பரிசோதிக்க வந்த ஆய்வகக்காரர், தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு பாத்த வேலை இது?"

"நான்தான் சார். எவ்ளோ துரு தெரியுமா?"

"அந்தத் துருவை வேணும்னுதான் பூசியிருக்கு. இந்தத் தண்ணியில ஈயம் கரைஞ்சிருக்கு, கண்ணுக்குத் தெரியாது. துரு மேல பட்டா அப்படியே ஒட்டிக்கும். இப்போ ஒட்ட இடமே இல்ல. நேரா குழாய்க்கு வந்துடும்."

"குடிச்சா என்னாகும் சார்?"

"யாருக்குமே ஆகாது. வயித்துல இருக்கிற குழந்தைக்கு ரொம்பவே ஆகாது."

மாடியில் அவள் மகள் மாசமாக இருக்கிறாள். எப்படி ஏறினாளோ, மகள் வாயருகே கொண்டுபோன தம்ளரைத் தட்டிப் பறித்தாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டி, "தண்ணி குடிக்காதீங்க, மணலைக் கெடுத்தவ நான்தான்" என்று சொன்னாள். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதையும் துடைக்கவும் இல்லை. துணியைக் கையில் எடுத்தாலே பயமாக இருந்தது.

"பயப்படற அளவு ஏறல. சீக்கிரமே நிறுத்திட்டீங்க. எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேம்மா. பொறக்கிற பிள்ளையை நீ குளிப்பாட்டவே கூடாது. தோலையே உரிச்சுடுவ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெறும் தண்ணியில மட்டும்டி" என்று கெஞ்சினாள்.