கடையத்துக்குப் போகாமலிருக்க ஒரு மார்பு

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டே வழிகள். ஒன்று பட்டாளம். மற்றது கடையத்தில் பெரியப்பாவோடு வயல். பட்டாளத்தில் குண்டு பாய்ந்தால் ஒரே நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். பெரியப்பா அப்படியல்ல. பேசுவார்.

காலையில் மடை திறக்கும்போது பேச்சைத் திறப்பார். இரவு படுக்கும்போது மடை அடைபட்டிருக்கும், பேச்சு அடைபட்டிருக்காது. பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: பக்கத்து வயல்காரரோடு அவர் நடத்திய வாய்க்கால் வழக்கு. அந்த வழக்கில் நீதிபதியே இரண்டு முறை மாறிப்போனார். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்பது என் ஊகம். பள்ளி விடுமுறைகளில் என்னைக் கடையத்துக்கு அனுப்புவார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த வழக்கு மனப்பாடம்.

பள்ளியிறுதி தேறிய கையோடு எல்லையைக் காக்கும் ஆசை எனக்குள் பொங்கி எழுந்ததற்கு இதுதான் காரணம். தென்காசியில் எங்கள் தெருவில் இதைத் தேசபக்தி என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

மறுத்தது என் உடம்பு. சாரல் காலம் முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலேயே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சாரல் தொடங்கும்போதே செய்தி வந்தது. சும்மா நிற்கும்போது மார்பு முப்பது அங்குலம் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். எடை நூற்றுப் பத்து ராத்தல். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கி வந்து என்னை முற்றத்தில் நிறுத்தினார்.

“ஊதுலே.”

“ஊதிட்டேன்ப்பா.”

அப்பா டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டேப்பைப் பார்த்தார்.

“ஊதுனதுக்குப் பொறவுதான் இதா?”

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “புள்ளைய விடுங்க. ராவும் பகலும் புஸ்தகம் படிச்சிப் படிச்சி மூச்செல்லாம் கண்ணு வழியாப் போயிருக்கும்.”

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “கடையத்துக்கு ஒரு கார்டு போட்டிருவோம்” என்றார். அன்று மாலையே நான் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சிற்றாற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் தேகப்பயிற்சி நிலையம் நடத்திவந்தவர் மாஸ்டர். இடுப்புக்கு மேலே பார்த்தால் கோயில் துவாரபாலகர். இடுப்புக்குக் கீழே பார்த்தால் நடந்து நடந்து கால் தேய்ந்த தபால்காரர். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் பணக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் அவர் பிழைப்பு ஓடியது. என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ஒடம்புல எல்லாம் இருக்கு தம்பி. சதைதான் இல்ல.”

அவர் சொன்ன மருந்துகள் எளிமையானவை. இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் மெல்ல வேண்டும். பச்சை முட்டையை உடைத்து அப்படியே தொண்டையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். முட்டை தொண்டையில் இறங்கும் விதத்தைப் பற்றி எழுதினால் வாசகர்கள் சிலர் மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பார்கள். ஆகவே அது முதல் நாள் இறங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கிடையில் கொழும்பிலிருந்த அத்தானுக்கு அக்கா எழுதிப்போட, அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். சீமைச் சத்து மாவு. டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரன் ஒரு முழத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் புடைக்க, எதையோ வென்றுவிட்டவன்போல் நின்றான். அம்மா அதை வாங்கி அடுக்களை அலமாரியில் சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

“ஏம்மா திருப்பி வச்சிருக்க?”

“வாரவங்க போறவங்க பாக்க, அம்மணமா ஒருத்தன் அரிசிப் பானைக்குப் பக்கத்துல நிக்கான். நல்லாவா இருக்கு?”

திருப்பி வைத்ததால் அவன் முதுகு தெரிந்திருந்தாலாவது பரவாயில்லை. டப்பாவின் பின்பக்கம் மாவைப் பாலில் கலக்கும் முறை இங்கிலீஷில் இருந்தது. அதைப் படித்துச் சொன்ன பிறகு அம்மாவுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மாவின் ருசிக்கு ஓர் உவமை சொல்ல வேண்டுமென்றால், வெள்ளையடிக்கும் வீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி எழுந்தால் என்ன கிடைக்குமோ அதுதான். தினமும் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் பெரியப்பாவை நினைத்துக்கொள்வேன். இறங்கிவிடும்.

டப்பா சீக்கிரமே காலியாகிவிட்டது. கலங்கிப்போய் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் கலங்கவில்லை. இரண்டு நாளில் அதே டப்பாவை நிரப்பிக் கொடுத்தார். வெளியூரில் கொள்ளு என்று சொல்லும் காணம், உளுந்து, மொச்சை எல்லாவற்றையும் வறுத்துத் திரித்த மாவு.

“சீமை மாவு மாதிரி வேல செய்யுமா மாஸ்டர்?”

“உள்ள இருக்க மாவு முக்கியமில்ல தம்பி. டப்பாதான் முக்கியம். படத்தப் பாத்துக்கிட்டே குடிக்கணும். கண்ண எடுக்கப்படாது.”

சொன்னபடியே அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து என்னைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு குடித்தேன். அம்மா அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

மாவு பாதி மருந்துதான். மீதிப் பாதி குற்றாலத்தில் இருந்தது. தினமும் விடிந்ததும் வாடகைச் சைக்கிளில் மாஸ்டரைப் பின்னால் உட்காரவைத்து மிதிக்க வேண்டும். அது கால்களுக்குப் பயிற்சி என்றார். அப்படியானால் அவர் ஏன் மிதிக்கவில்லை என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் போதவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, எல்லோரும் முதுகைக் கொடுக்கும் அருவியில் என்னை மட்டும் மார்பைக் கொடுக்கச் சொல்வார்.

“தண்ணி ஒன் நெஞ்ச உள்ள தள்ளும். நீ மூச்ச இழுத்து வெளிய தள்ளணும். ரெண்டு பேருக்கும் போட்டி. யாரு ஜெயிக்கான்னு பாத்துருவோம்.”

அருவி தோற்றதாக எனக்கு நினைவில்லை. ஆனால் காண மாவு குடித்தவனுக்கு அந்த இடத்தில் வேறொரு வசதி இருந்தது. குற்றாலத்தில் நீர் விழும் ஓசையைப் புகழாத புலவர் இல்லை. அந்த ஓசை ஒரு மனிதனின் மானத்தை எப்படியெல்லாம் காப்பாற்றும் என்று அவர்களில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் மொச்சையும் காணமும் கலந்து குடித்ததில்லை போலும். நான் மனம் விட்டுக் குளித்தேன்.

ஒரு நாள் காலையில் வெயில் அடித்துச் சாரல் நின்றுபோய், அருவி திடீரென்று நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் ஐந்தாறு பேர் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல அருவியை நம்பிவிட்டேன். அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மாஸ்டர் கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தார்.

“மேக்க இடி இடிக்கு. நாளைக்கு நல்ல தண்ணி வரும் அண்ணாச்சி” என்றார்.

ஒரு மேகம் கிடையாது. ஆனாலும் அந்தப் பெரிய மனிதர்கள் மேற்கே பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் பண்பாட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை.

குளித்து எழுந்தால் வயிற்றில் ஒரு பசி எடுக்கும். தென்காசிக்காரர்களுக்கு அந்தப் பசி தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. வீட்டுக்கு வந்து அம்மா வைத்திருக்கும் பழைய சோறு, மாலையில் ஆறிய சோறு, இடையில் அக்கா தனக்கென்று எடுத்துவைத்த சோறு என்று ஒன்றையும் விடவில்லை. சாரல் ஓய்ந்தபோது அப்பா மறுபடியும் டேப்பைக் கொண்டுவந்தார்.

“சும்மா நில்லு. முப்பது. ஊது.”

ஊதினேன். அப்பா உள்ளே போய் என் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து வந்து, டேப்பைத் தரையில் விரித்து அடிக்கோலால் அளந்து பார்த்தார். டேப் சுருங்கியிருக்கவில்லை.

“முப்பத்திரண்டுதாம்லே” என்றார். அப்பா என்னை அவ்வளவு சந்தேகத்தோடு பாராட்டியது அதுவே முதல் தடவை.

எடைதான் உதைத்தது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் அட்டை தள்ளும் எந்திரத்தில் ஏறிப் பார்த்தேன். நூற்றுப் பத்துக்கு நான்கு ராத்தல் குறைந்தது. அட்டையின் பின்புறம், “உங்கள் கம்பீரம் பிறரை நடுங்கச் செய்யும்” என்று போட்டிருந்தது. கம்பீரத்துக்கு எடை கிடையாது என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் இதைப் பற்றியே பேசினார்கள். அப்பா கடையத்துக்குக் கார்டு போட்டபோது அதிலும் எழுதியிருக்கிறார்.

ஆள் எடுக்கும் நாள் காலையில் மைதானத்தில் ஆலங்குளம், அச்சன்புதூர் என்று நாலா பக்கத்துப் பையன்களும் வரிசையில் நின்றார்கள். அப்பா பழைய பட்டாளத்துக்காரர் என்ற உரிமையில் உள்ளே போய், முகாம் அதிகாரிகளோடு தம் ரெஜிமெண்ட் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் மட்டும் என் பக்கத்தில் நின்று தோளைப் பிசைந்துவிட்டார். அப்போதுதான் முதல் பஸ்ஸில் பெரியப்பா வந்து இறங்கினார். தோளில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை.

அவிழ்த்தால் வாழைப்பழம். சொந்தத் தோட்டத்துக் கதலி, இரண்டு பெரிய சீப்பு.

“எட காணலன்னு ஒங்கப்பன் எழுதியிருந்தான். தின்னு மக்கா. தின்னுட்டு ரெண்டு செம்பு தண்ணி குடி. இங்கன நிக்க நேரத்துலயே நாலு ராத்த ஏறிரும்.”

“பெரியவர் சொல்லுதது சரிதான் தம்பி” என்றார் மாஸ்டர். “மதுரைக்குப் போட்டிக்குப் போறப்போ நாங்களும் இப்படித்தான் செய்வோம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் யாரிடமிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டேனோ அவர் எனக்காகப் பழம் சுமந்து வந்திருக்கிறார். அதைவிட அதிசயம், வாய்க்கால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழத்தை உரித்து உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தராசில் ஏறினேன். முள் நூற்றுப் பத்தைத் தாண்டிப் போய் நின்றது. வேலிக்கு வெளியே பெரியப்பா கையை உயர்த்தினார். நான் ஏறக்குறைய சிப்பாய்.

அடுத்தது மார்பு. டேப் பிடித்தவர் மலையாளத்துக்காரர். நல்ல தூக்கத்தில் இருப்பவர்போல வேலை செய்தார்.

“வெறுதே நில்லு. முப்பது. சரி. இனி ஸ்வாசம் எடுக்கு.”

எடுத்தேன். மூச்சு உள்ளே வந்தது. வழக்கமாக அது இறங்கும் இடத்தில் இரண்டு சீப்புக் கதலியும் இரண்டு செம்புத் தண்ணீரும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. வாசலில் நின்று பார்த்துவிட்டு மூச்சு வெளியே போய்விட்டது.

“அர இஞ்சு. ஒண்ணுங்கூடி எடுக்கு.”

அருவியை நினைத்துக்கொண்டேன். டப்பாவின் மேல் நின்ற வெள்ளைக்காரனை நினைத்துக்கொண்டேன். கடைசியாக வாய்க்கால் வழக்கையும் நினைத்து, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன். மார்பு விரியவில்லை. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. டேப் பிடித்தவருக்கு முதல் தடவையாகத் தூக்கம் கலைந்தது.

“பழமோ?”

“ஆமா சார்.”

“நேந்திரனா?”

“இல்ல சார். கதலி.”

“நல்ல மணமுண்டு” என்று சொல்லி டேப்பைச் சுருட்டினார். “பொய்க்கோ” என்று வேலிக்கு வெளியே கை காட்டினார்.

வெளியே வந்தேன். அப்பா எனக்கு முன்பே சேதி கேட்டு வந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் காலடியில் கிடந்த பழத்தோல் குவியலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க கொண்டாந்ததா?”

“நம்ம தோட்டத்துப் பழம்தான்” என்றார் பெரியப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே.

அப்பா பீடி வாங்கப் போனார். மாஸ்டருக்குத்தான் தாங்கவில்லை. “நல்ல நெஞ்சு அண்ணாச்சி. நான் பொறுப்பா வளத்த நெஞ்சு” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கடையத்துக்குப் போனேன். அங்கே வழக்கு எனக்காகக் காத்திருந்தது. நாற்று நட்டோம், களை எடுத்தோம், மேல்முறையீடு செய்தோம். ஒரு நாள் வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது பெரியப்பா மூச்சு வாங்கப் பேச்சைச் சற்று நிறுத்தினார். அப்படி நிறுத்துவது அபூர்வம். அந்த இடைவெளியில் கேட்டுவிட்டேன்.

“பெரியப்பா, வயிறு முட்டப் பழம் தின்னா மூச்சு இழுக்க முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன?”

அவ்வளவு வெளிப்படையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் குனிந்து மடையில் அடைத்திருந்த புல்லை இழுத்துப் போட்டார்.

“சண்ட நடந்த காலத்துல ஒங்கப்பன் ஆளெடுப்புக்குப் போனாம்லா? அன்னைக்கு அவனுக்கும் ரெண்டு சீப்பு கொண்டுபோனேன்.”

“பொறவு?”

“களவாணிப்பய, ஒண்ணே ஒண்ணு தின்னுட்டு, பசிக்கல அண்ணேன்னுட்டான். அந்தால ரயிலேறிப் போயிட்டான். நான் இத்தன வருசமா இங்கன ஒத்தையில, காளமாட்டுகிட்டப் பேசிக்கிட்டுக் கெடந்தேன். மாடு ஒரு பதில் சொல்லுதா?” என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீ சொன்ன பேச்சு கேக்க புள்ள. ரெண்டு சீப்பையும் தின்னுட்ட.”

எனக்கு வந்த கோபத்தில் மூச்சை இழுத்தேன். மார்பு விரிந்தது. இரண்டு அங்குலத்துக்குக் குறையாது, மூன்றுகூட இருக்கலாம். பெரியப்பா அதை மேலும் கீழும் ரசித்துப் பார்த்தார்.

“நல்ல ஒடம்புலே” என்று சொல்லி மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.