திருப்பிப் பிடித்த வரைபடம்

திருக்கோவிலூரில் அக்காவின் புது வீட்டைத் தேடி, கைபேசி வரைபடத்தோடு சந்தில் நிற்கிறேன். அழைத்தால், "போனைத் திருப்பிப் புடிடி," என்கிறாள்.

சின்ன வயதில் மூங்கில்துறைப்பட்டு வீடு முழுக்கக் கரும்புப்பாகு வாசனை. படக்கதைப் புத்தகத்தில் ஒரு புதையல் வரைபடம்: ஆறு, மரம், மரத்தடியில் பெருக்கல் குறி. அது எங்கள் புளியமரம்தான் என்று சாதித்தாள் அக்கா.

சர்க்கரை ஆலை வேலை முடிந்து வந்த அப்பா பார்த்தார். "இதுல ஆறு தெற்கால போவுது. நம்ம ஆறு கெழக்கால போவுதேம்மா."

அக்கா புத்தகத்தைத் திருப்பினாள். "இப்ப பாருப்பா."

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மம்முட்டி எடுத்தார். முழங்கால் ஆழம் தோண்டியும் வேர்தான் வந்தது. இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னொரு பக்கம் திருப்பிப் பாரு," என்றார்.

கைபேசியைத் திருப்புகிறேன். சந்து முனையில் அக்கா நிற்கிறாள், அப்பா மாதிரியே இடுப்பில் கைவைத்து.