எர்த்துக்கு வைத்த பொட்டு

பாலிடெக்னிக்கில் மின்சாரம் சொல்லிக்கொடுப்பவன் நான். எர்த்திங் என்றால் என்ன என்று வருடம் தவறாமல் இரண்டு மார்க் கேள்வி கேட்டு, தப்பாக எழுதியவனுக்கு அரை மார்க்கூடப் போடாத கை இது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டு என்மேல் யாரும் அநியாயமாக இரக்கப்பட்டுவிடக் கூடாது.

அப்பா பேரையூரில் வாடகைக் கார் ஓட்டினார். ஒரே கார், முப்பது வருடம். பிரசவத்துக்கும் பெண் பார்க்கவும் கோர்ட்டுக்கும் அந்தப் பக்கத்துச் சனம் அதில்தான் மதுரைக்கு வந்துபோனது. அவர் போன பிறகு கார் கீழக்குயில்குடியில் என் வீட்டுத் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் அதை உபயோகமாக எடுத்துக்கொண்டு பின் சீட்டில் முட்டையிட்டது.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் வயதில் பேரையூருக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கத்து முறை. தங்கை போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணே, சீரை அப்பா காருலதான் கொண்டாரணும். அவரே வந்து எறங்குற மாதிரி இருக்கும்ல.”

பிள்ளையில்லாத அந்தப் பன்னிரண்டு வருடத்தில்கூட அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி தாயி என்று சொல்லிவிட்டேன்.

பானட்டைத் திறந்து பார்த்தபோது எனக்குள் இருந்த வாத்தியார் துடித்துப்போனான். எந்த வயர் எங்கே போகிறது என்பது அப்பாவுக்குத்தான் தெரியும், அவர் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. பேட்டரி இன்ஜினை ஒட்டி, அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஃப்யூஸ் பாக்ஸ் மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்தில். பேட்டரித் தட்டின் பக்கத்துச் சுவரில் ஏதோ விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். வருடக்கணக்கில் சேர்ந்த சந்தனமும் குங்குமமும் எண்ணெய் அழுக்கும். உளியை வைத்துச் சுரண்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது, ஃப்யூஸ் பாக்ஸை டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவருவது என்று திட்டம் போட்டேன். சார்ட் பேப்பரில் மூன்று கலர் பேனாவால் வரைந்து, அப்பாவின் காரைப் பல வருடம் பார்த்த, பரவை ஊரில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“பேட்டரி இருந்த எடத்துலயே இருக்கட்டுமே சார். அப்பா ஓட்டுனாருல்ல.”

விடுவேனா? சூடு, வயரின் கனம், வோல்டேஜ் இழப்பு என்று ஒரு முழு பீரியட் எடுத்தேன். அவர் டீ ஆறிப்போனது.

“நீங்க படிச்சவுக. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. எர்த்து வைக்கிற எடத்துல பெயிண்டச் சுரண்டிட்டு வெறுந் தகட்டுல வைங்க. நடுவுல ஒண்ணும் வரக் கூடாது.”

இதை என்னிடமே சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். காரில் பேட்டரியிலிருந்து கரண்ட் போவதற்குத்தான் வயர், திரும்பி வருவதற்கு அந்தக் காரின் உடம்பேதான் வழி. பேட்டரியின் கறுப்பு வயரைப் பாடியின் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்குவதுதான் எர்த்து. அந்த ஓர் இடத்தில் பிடிப்பு இல்லையென்றால் கார் முழுக்கச் செத்த மாதிரிதான். இரண்டு மார்க்.

டிக்கியின் தரையில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்து, ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்டை எடுத்தேன். தகடு பளபளவென்று வந்தது. என் வேலையை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன்.

பேட்டரியை இணைக்க மனைவி நல்ல நாள் பார்த்தாள். சந்தனமும் குங்குமமும் குழைத்துக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்கு, நாலு டயருக்கு, பேட்டரிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்தாள். நான் கையில் போல்ட்டோடு நின்றிருந்தேன். அவள் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, இது மட்டும் வெறும் நெத்தியா இருக்கு?”

“அதுதான் எர்த்து. காருக்கே அதுதான் முக்கியம்.”

“அம்புட்டு முக்கியமானதுக்கா பொட்டு இல்லாம விடுறது?”

அவள் பெருவிரலால் நல்ல தாராளமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதன்மேலேயே வயரை வைத்து போல்ட்டை முறுக்கினேன். பரவைக்காரர் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் முறுக்கினேன். சாமி காரியத்தைச் சுரண்டி எடுக்க யாருக்குக் கை வரும்? கார் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. பிறகென்ன!

காதுகுத்து அன்று காலை, டிக்கியில் பேட்டரிமேல் பலகை போட்டு அதன்மேல் சீர்த்தட்டுகளை அடுக்கினோம். இருபத்தொரு தட்டு. திருமங்கலம் தாண்டும்வரை கார் வழுக்கிக்கொண்டு போனது. டி.கல்லுப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினேன். டீ வேண்டியிருக்கவில்லை, காரை நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்தக் காரே நினைத்துவிட்டது போலும், சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் ஹாரன்கூட அடிக்கவில்லை.

பானட்டைத் திறந்து ஃப்யூஸைப் பார்த்தேன், ரிலேயைப் பார்த்தேன், ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. “தள்ளுங்கடா மாப்ள” என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கடைவீதி முனைவரை தள்ளிப் பார்த்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை, டீக்கடைக்கே திரும்பத் தள்ளி வந்தார்கள். எர்த்தை மட்டும் நான் பார்க்கவில்லை. அது நானே போட்டது, அதில் எப்படித் தப்பு வரும்?

தங்கை போன் செய்தாள். நல்ல நேரம் முடிய அரை மணிகூட இல்லை. மாப்பிள்ளை வீட்டில் மாமன் முறை உள்ள ஒருவர் தன் மடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாராம்.

“நான் குடுக்க மாட்டேண்ணே. நீ வா.”

பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர், “ஏறுங்கண்ணே, கொண்டுபோய் விட்டுர்றேன்” என்றார். மனைவி ஏறத் தயாராகிவிட்டாள். என்னால் ஏற முடியவில்லை. தங்கை கேட்டது காரை. கூசிக்கொண்டே பரவைக்குப் போன் போட்டேன்.

“எர்த்தப் பாத்தீங்களா சார்?”

“அது நானே போட்டதுண்ணே.”

“அதான் கேக்குறேன்.”

எர்த்தைப் பார்க்க டிக்கியைக் காலி செய்ய வேண்டும். அப்பா வைத்த இடத்திலேயே பேட்டரி இருந்திருந்தால் பானட்டைத் தூக்கினால் போதும், நான்தான் அறிவியல்படி டிக்கிக்குக் கொண்டுபோனவன் ஆயிற்றே. மனைவி குறுக்கே நின்றாள். “சீர்த்தட்ட நடுவழியில தரையில எறக்குறதா? நடக்காது.”

டீக்கடையில் நின்றவர்களே கை நீட்டினார்கள். ஆளுக்கொரு தட்டு. பெயர்கூடத் தெரியாத ஆட்கள், டீ மாஸ்டர், ஆட்டோக்காரர், தள்ளிக் களைத்த ஆள் எல்லோரும் பட்டுப்பாவாடையும் வாழைப்பழமும் ஏந்திக்கொண்டு ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். அந்தப் பக்கம் போன பஸ் மெதுவாகி, யார் வீட்டு விசேஷம் என்று பார்த்துவிட்டுப் போனது.

போல்ட்டைக் கழற்றினேன். வயருக்கும் தகட்டுக்கும் நடுவே சந்தனம் காய்ந்து, கருகி, ஓரத்தில் பச்சை பூத்து உட்கார்ந்திருந்தது. தட்டேந்தியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “இங்க யாருண்ணே பொட்டு வச்சது?” என்றார் டீ மாஸ்டர். மனைவி வானத்தைப் பார்த்தாள். மாஸ்டரின் கத்தியை வாங்கிச் சுரண்டி, வெறுந் தகட்டில் வைத்து இறுக்கினேன். கார் உறுமியது. தட்டுகள் திரும்ப ஏறின.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து கால் மணி ஆகியிருந்தது. எல்லோருக்கும் முகம் தொங்கியிருந்தது. தங்கை பிள்ளையைத் தன் மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஹாரனை அடித்தேன். அப்பாவின் அதே ஹாரன், அதை மட்டும் நான் மாற்றவில்லை. அவள் எழுந்துவிட்டாள். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் கண் கலங்கிவிட்டது, காது குத்துகிற ஆசாரி அதைப் பார்த்து, “ஒங்களுக்கில்ல, பிள்ளைக்குத்தான் குத்துறேன்” என்றார்.

சாப்பாடு முடிந்தபின் தங்கை சந்தனக் கிண்ணத்தோடு காரிடம் வந்தாள். நேரே போய் பானட்டைத் திறந்தாள்.

“பேட்டரி எங்கண்ணே?”

“டிக்கிக்கு மாத்திட்டேன் தாயி.”

“இங்கனக்குள்ளதான் பொட்டு வைப்பேன். ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் அப்பா என்னத் தூக்கிப் பிடிச்சுக்குவாரு. ‘கீழ எர்த்து வைக்கிற தகட்டுல படாம, பக்கத்துச் சுவத்துல வையி ஆத்தா’ன்னு சொல்லுவாரு.” புதுப் பெயிண்டைத் தடவிப் பார்த்தாள். “அதெல்லாம் எங்க?”

நான் உளியால் சுரண்டித் தள்ளியது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் அந்த வெறும் சுவரில் ஒரு பொட்டு வைத்தாள். பிள்ளையையும் தூக்கிப் பிடித்து ஒன்று வைக்கச் சொன்னாள். பிள்ளை கோணலாக, கீழே பேட்டரித் தட்டின் தகட்டிலேயே வைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பரவைக்காரர் வந்து பார்த்தார். எர்த்துக்கு உப்புத்தாளை எடுத்தவர் அந்தக் கோணல் பொட்டின்மேல் கை வைக்கப் போனார். நான் தடுத்து, நான்கு விரல் தள்ளி வேறு இடத்தைக் காட்டினேன்.