தெகி என்று ஒரு சொல்

கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இரண்டு பேர், இருவருமே காண்ட்ராக்ட். அதில் ஓர் இடம் மட்டும் பர்மனென்ட் ஆகப்போகிறது என்று மேனேஜர் சொன்ன நாளிலிருந்து, கூட இருந்தவன் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம்கூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் பர்கூர்ப் பக்கம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல் குவாரியில் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். எனக்கு வேலை கிடைத்ததைவிட, அது பர்மனென்ட்டா என்பதைத்தான் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார். அந்த ஒரு ஆங்கில வார்த்தையை மட்டும் அவர் பிசகில்லாமல் சொல்வார்.

அவன் கன்னட எல்லையோரத்து மத்திகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அவன் கன்னடத்தில் ஏதோ சொல்வான். அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்கும். நான் எடுத்தால் "யெஸ் சார், ஓகே சார்" என்பதோடு முடிந்துவிடும். வேலையில் அவனுக்கு நான் குறைந்தவன் இல்லை. ஆனால் என்னிடம் யாரும் போனில் சிரித்ததில்லை.

அதற்காகவே ரகசியமாகக் கன்னடம் கற்றேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஃபிட்டர்தான் வாத்தியார். 'நட்டு தெகி, பெல்ட் தெகி' என்று அவர் சொல்வதைக் கேட்டு, 'தெகி என்றால் கழற்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த நாட்களில் லாக் சர்வர் ஒன்று புதிதாக வந்திருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு வரி வந்து சேரும். அந்த வரிகளை அது பெங்களூருக்கு அனுப்பும். அவை வெளியே போக ஐந்நூற்றுப் பதினான்கு என்ற போர்ட்டை, அதாவது வாசலை, ஃபயர்வாலில் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அமைத்தது அவன்தான். மேனேஜர் அவன் முதுகில் தட்டியதை நான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது.

"ஃபைவ் ஒன் ஃபோர் தெகெதித்தீரா?" என்றது பெங்களூர்.

போர்ட்டைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள்! எனக்குப் புரிந்துவிட்டது. "ஹௌது சார், தெகெதித்தீனி" என்றேன், ஆமாம், கழற்றிவிட்டேன் என்று. அவர் "பேஷ்" என்று சிரித்தார். என்னிடம் சிரித்தார். போனை வைத்ததும், சொன்ன பொய்யை உண்மையாக்க, ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு இருந்த அனுமதி வரியை அவசரமாக அழித்தேன்.

மதியத்துக்குள் மேனேஜர் வந்து நின்றார். மதுரைக்காரர்.

"என்னய்யா, ஒரு வரிகூட வரலைன்னு பெங்களூர்க்காரன் கத்துறான்?"

அவன் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. "நான் பாக்கறேன் சார்" என்று முந்திக்கொண்டேன். பெங்களூரே கழற்றச் சொன்ன போர்ட் இதற்குக் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு துளையில் செருகினேன். பெங்களூருக்கு லைன் இருக்கிறதா என்று பிங் அடித்தால் பதில் ஒழுங்காக வந்தது. ஆனால் சர்வர் ஒவ்வொரு வரியை அனுப்பும்போதும் 'அனுமதி இல்லை' என்ற பிழையையே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தது. வழியில் கோளாறு என்றால் இப்படி வராது. நம் வாசலிலேயே தடுக்கிறது என்று அர்த்தம்.

வாசலை மூடியவன் நான். அப்போதும் தப்பு அவனுடையது என்றே எனக்குத் தோன்றியது. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவனும் பின்னால் வந்தான்.

"பெங்களூர்ல போர்ட்ட மூடச் சொன்னாங்க சார், மூடிட்டேன். இவன்தான் சர்வர்ல அனுப்பறத நிறுத்தாம வுட்டுட்டான்."

"மூடச் சொன்னாங்களா?" அவன் என்னைப் பார்த்தான். "இன்னா வார்த்த சொன்னாங்கப்பா?"

"தெகெதித்தீரான்னாங்க. எனக்கும் கன்னடம் தெரியும்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மேனேஜர் அறைக் கதவைக் காட்டினான்.

"எங்க தெருவுல பாகிலு தெகின்னா கதவத் தொறன்னு அர்த்தம்ப்பா. கழட்டறதுக்கும் தெகிதான், தொறக்கறதுக்கும் தெகிதான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நல்லவேளை, கதவைக் கழட்டாம விட்டானே!"

"நானே சொல்லி வெச்சிருக்கணும் சார், என் தப்புதான்" என்றான் அவன். அதுதான் என்னைக் கொன்றது. அவனைப் பற்றிக் கோள் சொல்ல வந்த என் தப்பை, அவன் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். அப்படிச் செய்ய எனக்கு வந்திருக்காது என்று எனக்குத் தெரிந்தது. அவன் கன்னடத்தைவிட அந்தக் குணத்தின்மேல்தான் பொறாமை வந்தது.

"தப்பு என்னுது சார். போன்ல தெகெதித்தீனின்னு பொய் சொல்லிட்டு அப்புறந்தான் அழிச்சேன்" என்றேன். நல்லவன் என்பதால் அல்ல, அவனிடம் கடன்படக் கூடாது என்பதற்காக.

அழித்த வரியை நானே திரும்ப அடித்தேன். பிழை நின்றது. சற்று நேரத்தில் போன் அடித்தது. "பந்து, பந்து" என்றது பெங்களூர், வந்துவிட்டது என்று. பிறகு அவனைக் கூப்பிடச் சொன்னது. ரிசீவரை நீட்டினேன். அவன் ஏதோ சொன்னான். அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவனுக்குப் பர்மனென்ட் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டபோது இல்லை என்று மட்டும் சொன்னேன். "யாருக்குக் குடுத்தாங்க?" என்றார். அவன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.